வெட்டியெடுத்த சாவு

அந்தப் படம் பொன்னேரிக்கு வருவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அறுபதுகளில் அவருக்கு அரிசி மில்லில் வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ரசிகர் மன்றம். அவருடைய நடிகர் படம் வந்தால் முதல் நாளே மன்றத்து ஆட்கள் ரயிலேறி மெட்ராஸுக்குப் போய்விடுவார்கள். திரும்பும்போது சட்டை கிழிந்திருக்கும், தொண்டை கட்டியிருக்கும், முகம் மட்டும் பூரித்திருக்கும். அந்தப் பொங்கலுக்கு வந்த படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் வாசல்படி ஏறவில்லை. நேரே கொல்லைக் கிணற்றடிக்குப் போய், சட்டையைக்கூடக் கழற்றாமல் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். யார் செத்தது என்று கேட்டேன். யாருமில்லை, வெயில் தாங்கவில்லை என்றார். தை மாதத்தில் என்ன வெயில்?

சில மாதம் கழித்துப் படம் எங்கள் டென்ட் கொட்டகைக்கு வந்தது. படப்பெட்டி ரயிலில் வந்து இறங்கினால் மாலை போட்டு, கற்பூரம் காட்டி, மேளத்தோடு கொண்டுபோவார்கள். அன்றைக்கு மேளமும் இல்லை, தாளமும் இல்லை. என் வீட்டுக்காரரும் இன்னொருவரும் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மத்தியானம் முழுக்க ஆபரேட்டர் ரூமில் கிடந்தார்கள். பெட்டிக்குப் பூஜையாம். பூஜைக்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

சாயங்காலம் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தேன். நடுவில் தட்டி, அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்ற நாலைந்து இடைவேளை விடுவார்கள். கடைசி இடைவேளைக்குப் பிறகு நாயகன் கொட்டுகிற மழையில் வில்லன் வீட்டுக்குப் போகிறார், கதவு திறக்கிறது, உடனே 'சுபம்' என்று வந்துவிட்டது. பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த பெண்கள் எழுந்திருக்கவே இல்லை. இன்னும் படம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

வரும் வழியில் கேட்டேன். "போனாரு, அடிச்சாரு, வந்துட்டாரு. இதுக்கு மேல இன்னா ஓணும் உனக்கு?" என்றார். வந்ததைக் காட்டவில்லையே என்றேன். அவர் வராமல் போய்விடுவாரா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பிறகு வேப்பம்பட்டில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, அண்ணி என்னைத் திருவள்ளூரில் அதே படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே முழுப் படம். நாயகனைக் கத்தியால் குத்திவிடுகிறார்கள். வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடக்கிறார். அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்காருகிறார். ஒரு வாய் சாப்பிடுகிறார், சிரிக்கிறார். அடுத்த வாய்க்கு எடுத்த கை அப்படியே தட்டில் விழுகிறது. நான் அழுத அழுகையில் அண்ணி பயந்தே போனாள்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி என் வீட்டுக்காரர் அன்றைக்கு எதற்குத் தலை முழுகினார் என்று அப்போதுதான் விளங்கியது. தங்கள் நடிகர் சாவதை ஊர் பார்க்கக்கூடாதென்று, செத்த இடத்தையே வெட்டியெடுத்திருக்கிறார்கள். அவர் ஆசை தீர அழுதுவிட்டு வருவாராம், நான் அழக்கூடாதாம். இதைத் தீர்மானிக்க இவர் யார்? ஆனாலும் அவரிடம் சொல்லவில்லை. யாரைக் கேட்டுப் போனாய் என்றுதான் முதலில் கேட்பார். அதோடு, எனக்குள் ஓர் ஆசையும் இருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக, ஒரு தடவையாவது அந்தச் சோற்றுக் காட்சியைப் பார்த்து இருவரும் அழ வேண்டும்.

எழுபதுகளில் அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை கிடைத்தது. மன்றத்து ஆட்களுக்குத் தலை நரைக்க நரைக்க எந்தப் புதுப் படமும் பிடிக்காமல் போனது. ஒருவன் முடி நீளம், ஒருத்தி பாவாடை குட்டை, பாட்டில் ஒரே இரைச்சல். ஒரு புதுப் படத்தில் காமெடிக்கு நான் சிரித்ததற்காக என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாயைத் திறந்தால் அந்தப் பழைய படத்தின் பெருமைதான்.

அதே படம் மறுபடியும் எங்கள் கொட்டகைக்கு வந்தது. இந்தத் தடவை பெட்டியை யாரும் வழிமறிக்கவில்லை. நான் தட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். தட்டி இடுக்கில் தெரிந்த அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது. நாயகன் வயிற்றில் துண்டோடு வந்தார். அம்மா சோறு போட்டாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டார்.

"நிறுத்துடா படத்த" என்று எழுந்தார் என் வீட்டுக்காரர்.

மன்றத்து ஆட்கள் எல்லோரும் எழுந்தார்கள். இந்தக் காட்சி தங்கள் படத்தில் கிடையாது, எதிர்க்கோஷ்டிக்காரன் எவனோ வேண்டுமென்றே ஒட்டியிருக்கிறான் என்று கத்தினார்கள். வெளியே வந்த ஆபரேட்டர் பழைய ஆள்தான். நீங்கள்தானே அன்றைக்கு எடுக்கச் சொன்னீர்கள் என்றான். என் வீட்டுக்காரர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் எழுந்து நின்றேன்.

"அவர வுடுங்க. அது படத்துல இருக்குற சீன்தான். நான் திருவள்ளூர்ல பாத்தேன்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அவர் கையை எடுத்தார். ஆனால் படத்தை யாரும் திரும்பப் போடவில்லை. ஜனம் மணலைத் தட்டிக்கொண்டு கலைந்தது.

ரயில்வே கேட் வரைக்கும் அவர் முன்னால் நடந்தார். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை, யாருக்காகவும் நடிக்கவேண்டிய அவசியம் இல்லை. அங்கே நின்று என்னைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லு. யாரு உனக்குச் சொல்லிக்குடுத்து அனுப்பினது?"

அந்த முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. தான் வெட்டச் சொன்னதை இவர் நிஜமாகவே மறந்துவிட்டாரா, சொல்லிச் சொல்லியே நம்பிவிட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகும் சேர்ந்து எத்தனையோ படத்துக்குப் போனோம். அழுகை வந்தால்கூட, அவர் என்னைப் பார்க்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அழுதேன்.