ஜெயித்த வண்டியின் எண்

பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவரை, அந்தத் தெருவில் எல்லோரும் வாட்ச் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வந்த பெயரல்ல அது. இளமையில், பதினெட்டு வருஷம், சனி ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள் பந்தயத் தடத்தில் நேரம் குறிக்கும் வேலை பார்த்தார். எதிரே ஒரு பலகையில் வரிசையாக ஆறு ஸ்டாப்வாட்ச், மடியில் நீளமான நோட்டு. பந்தய கிளப்பின் செயலாளர் ஒருநாள் பள்ளிக்கு வந்து, "இமைக்காம உட்கார்ந்து பார்க்கிற ஆள் ஒருத்தர் வேணும், கையெழுத்தும் நல்லா இருக்கணும்" என்று கேட்டிருக்கிறார். தலைமையாசிரியை யோசிக்கவே இல்லை. பரீட்சை ஹாலில் இவர் நின்றால் ஜன்னலில் வந்து உட்காரும் காக்கையைக்கூட மாணவிகள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

டீச்சரின் தம்பியும் பந்தயத்தில் ஓட்டினார். அவரிடம் இருந்தது சிவப்பு நிறத்தில் ஒற்றை சிலிண்டர் வண்டி. பந்தயத்துக்கென்றே செய்தது, விளக்கு கிடையாது, ஹார்ன் கிடையாது, உதைத்துக் கிளப்பும் கிக்கர்கூடக் கிடையாது. தள்ளிக்கொண்டே ஓடி, ஏறி உட்கார வேண்டும். அந்த மாதிரி வண்டிகள் நாட்டுக்குள் மொத்தம் இரண்டே வந்தன, ஒரே மரப்பெட்டியில். ஒன்றைத் தம்பி வாங்கினார். மற்றதை ஒரு அச்சகக்காரர் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். வண்டிகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். தம்பிக்கும் அச்சகக்காரர் மகனுக்கும்தான் ஒத்துப்போகாது. தடத்தில் முட்டிக்கொள்வார்கள், வெளியே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த வருஷத்தின் பெரிய பந்தயத்தில் தம்பி ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையில் இருபத்து மூன்று செகண்ட். அதை அளந்தது அக்காவின் கை. வீட்டில் கொண்டாட்டம், பத்திரிகையில் படம். டீச்சர் மட்டும் ஒரு விஷயத்தை மனசுக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்கு முந்தின வருஷம் ஒருவர் பயிற்சிக்கு ஒரு வண்டியும் பந்தயத்துக்கு வேறு வண்டியும் ஓட்டி மாட்டிக்கொண்டதால், கிளப்பில் புது விதி வந்திருந்தது. வண்டியை மாற்றினால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வெற்றி செல்லாது. பயிற்சியானாலும் பந்தயமானாலும், கொடி விழுவதற்கு முன் டீச்சர் ஒவ்வொரு வண்டியிடமும் போய்க் குனிந்து, ஹேண்டில்பாருக்குக் கீழே இரும்பில் குத்தியிருக்கும் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். தம்பியின் வண்டி எண் 117 என்று முடியும். டீச்சருக்கு அது மனப்பாடம். அன்று குனிந்து பார்த்தபோது 118 என்று இருந்தது.

நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றார். எழுதிக் கொடுத்த தாள் எதுவும் டீச்சரிடம் வரவில்லை. அடுத்த வண்டிக்காரர் காத்திருந்தார். டீச்சர் 118 என்று எழுதினார், நகர்ந்தார்.

பந்தயம் முடிந்ததும் செயலாளர் வழக்கம்போல் நோட்டைப் புரட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். 'நான் பார்த்ததை எழுதிவிட்டேன். யாராவது கேட்டால் சொல்கிறேன். தம்பி தானாக வந்து சொன்னால் இன்னும் நல்லது' என்று டீச்சர் இருந்தார். தம்பி சொல்லவில்லை. நாற்பத்தொரு வருஷம் யாரும் கேட்கவும் இல்லை. கிளப் கலைந்தது, தடத்தில் கிடங்குகள் வந்தன, நோட்டுகள் டீச்சர் வீட்டு அலமாரிக்குப் போயின. தம்பி பந்தயத்தை விட்டு மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்று, அறுபத்தைந்தாவது வயதில் காலமானார். அக்காவும் தம்பியும் கடைசிவரை பாசமாகத்தான் இருந்தார்கள். ஆனால் விருந்தாளிகள் யாராவது அந்தப் பந்தயப் பேச்சை எடுத்தால், டீச்சர் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

தம்பி போய் இரண்டு வருஷம் கழித்து அவருடைய மகள் ஒருநாள் அத்தை வீட்டுக்கு வந்தாள். மருந்துக் கடை வைத்திருப்பவள். மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோகிறாள்.

"அப்பாவோட வண்டியை எங்க வைக்கிறது அத்தை? லிஃப்ட்ல சோபாவே போகலை. ஒருத்தர் வாங்கிக்கிறேன்னு வர்றார். நீங்களும் வாங்களேன், அப்பா ஜெயிச்ச கதையெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

வாங்க வந்தவர் பழைய பந்தய வண்டிகளைச் சேகரிப்பவர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைக் கையுறை, டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் கம்பியில் ஒரு சின்னக் கண்ணாடி. வண்டிக்குப் பக்கத்தில் தரையில் அப்படியே படுத்துவிட்டார். கிளட்ச் லீவரில் வரிசையாகத் துளைகள் போட்டிருந்ததைத் தடவிப் பார்த்தார். எடை குறையட்டும் என்று தம்பி கையால் போட்ட துளைகள் அவை. பிறகு வலது கால் மிதியைத் திருப்பிப் பார்த்தார். அதன் நுனி சாய்வாகத் தேய்ந்திருந்தது.

"உங்க தடம் வலது பக்கமாச் சுத்துமா டீச்சர்?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இடது மிதி அப்படியே இருக்கு. வலதுதான் தேஞ்சிருக்கு. வளைவுல சாயுறப்போ தரையில உரசும். இதை எவனாலும் பொய்யாச் செய்ய முடியாது. புதுசா பெயின்ட் அடிச்சு பளபளன்னு நிக்கிற வண்டி எனக்கு வேண்டாம். அதுல எல்லாத்தையும் துடைச்சுடுறாங்க."

டீச்சருக்கு அவரைப் பிடித்துப்போனது. விடைத்தாளைத் திருத்துகிறவர்போல்தான் அவரும் பார்த்தார்.

எழுந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "ஒளிச்சுப் பேச மாட்டேன்மா. இந்த வண்டிக்கு ரெண்டு விலை. பந்தயத்துல ஓடின வண்டின்னா ஒரு விலை. அந்தப் பெரிய பந்தயத்துல ஜெயிச்ச வண்டியே இதுதான்னா, அதைப்போல அஞ்சு மடங்கு. ஆனா காகிதம் வேணும். அந்த நாள்ல எழுதின ஏதாவது."

தம்பி மகள் சிரித்தாள். "காகிதத்துக்கு எங்க போகணும்? எங்க அத்தைகிட்டதான் எல்லா நோட்டும் இருக்கு."

இருவரும் டீச்சரைப் பார்த்தார்கள். கேட்டால் சொல்லலாம் என்று இத்தனை வருஷம் இருந்தவருக்கு, கேட்டதும் நாக்கு எழவில்லை. "தேடிப் பார்க்கிறேன்" என்றார். தேட வேண்டியது ஒன்றுமில்லை. எந்தத் தட்டு, எத்தனையாவது நோட்டு, எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் தம்பி மகளை மட்டும் வரச் சொல்லி நோட்டைத் திறந்து வைத்தார். சனிக்கிழமை பயிற்சி, 117. ஞாயிற்றுக்கிழமை பந்தயம், 118.

அவள் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். "அவசரத்துல தப்பா எழுதியிருப்பீங்க அத்தை."

"நான் தப்பா எழுதலை."

"ஏழுக்கும் எட்டுக்கும் ஒரு கோடுதானே வித்தியாசம்?" சொன்னவளுக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு கோபம் வந்தது. "அப்போ எங்கப்பா ஊரை ஏமாத்தினாருன்னு சொல்றீங்களா? இதுலதான் ஜெயிச்சார்னு எல்லாருக்கும் தெரியும்."

"அப்பா சொன்னாரா? இந்த வண்டியிலதான்னு, அவர் வாயால?"

அவள் அப்பா சொன்ன கதைகளை ஒவ்வொன்றாகத் தேடினாள். யோசித்துப் பார்த்தால், மழையில் நனைந்த மூன்றாவது வளைவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், கை விறைத்துப்போனதைச் சொல்லியிருக்கிறார். 'என் வண்டி' என்ற வார்த்தை மட்டும் நினைவில் எங்கும் இல்லை. அதைச் சொன்னதெல்லாம் மற்றவர்கள். அவர் திருத்தவில்லை, அவ்வளவுதான். டீச்சருக்கும் அந்த நிமிஷம்தான் அது உறைத்தது.

118 யாருடையது என்பதில் சந்தேகமில்லை. டீச்சர் பஸ் பிடித்து அச்சகத்துக்குப் போனார். சரிவான தெருவின் உச்சியில் இருந்தது. உள்ளே மை வாசனை, வெட்டி அடுக்கிய பில் புத்தகங்கள். அப்பாவுக்குப் பிறகு இப்போது மகன்தான் அச்சகக்காரர். அவருக்கும் எழுபதை எட்டப்போகிறது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

"வாங்கக்கா. எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும்."

"எப்படி?"

"வண்டியை விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். விக்கப் போனா நம்பர் பார்ப்பாங்க. நம்பர்னு வந்தா உங்க நோட்டுக்குத்தானே வரணும்?" ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "சனிக்கிழமை சாயங்காலம் நான் விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டேன். அதே நேரத்துல உங்க தம்பி இன்ஜின் ஜாம் ஆகிக் கிடக்குது. ஒரு வண்டிக்கு ஆள் இல்லை, ஒரு ஆளுக்கு வண்டி இல்லை. நானே தள்ளிட்டுப் போய் அவன்கிட்ட விட்டேன். 'ஓட்டு, நல்லா ஓட்டு'ன்னேன். அதுதான் நாங்க ஒழுங்காப் பேசின முதல் பேச்சு."

"எழுதிக் கொடுத்திருக்கலாமே? விதியிலேயே இடம் இருந்ததே."

"எழுதிக் கொடுத்தா மைக்ல சொல்லுவாங்க. எங்கப்பா கூட்டத்துல உட்கார்ந்திருக்கார். அவர் வாங்கின வண்டியை அடுத்தவன் தொட்டான்னு தெரிஞ்சா என் கையை ஒடிச்சிருவார். ஒரு கை ஏற்கனவே ஒடிஞ்சாச்சு, மிச்சம் இருந்தது ஒண்ணுதான்." சிரித்தவர், டீச்சர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நான்தாங்க்கா சத்தியம் வாங்கினேன். எங்கப்பா இருக்கிற வரைக்கும் வெளிய சொல்லாதேன்னு. கடைசிவரைக்கும் அவன் வார்த்தை மாறலை."

"உங்கப்பா போய் இருபது வருஷம் ஆச்சே?"

"ஆச்சு. அப்பவே சொன்னேன், இனிமே சொல்லிக்கோடான்னு. அதுக்கு அவன், 'அக்கா நோட்டுல எழுதிட்டாங்க, அவங்களுக்குத் தெரியும். என்கிட்ட கேட்டாங்கன்னா சொல்லிடுவேன்'னான்."

டீச்சர் கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் தாளை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. கேட்காமல் இருந்ததைத் தன் பெருந்தன்மை என்றுதான் இத்தனை வருஷமும் அவர் நினைத்திருந்தார். அவன் வாயிலிருந்து வரட்டும் என்று இவர் காத்திருக்க, அக்கா ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று அவன் காத்திருந்திருக்கிறான்.

"வருஷத்துக்கு ஒருதடவை வருவான்" என்றார் அச்சகக்காரர். "செயினுக்கு எண்ணெய் விடுவான், டீ குடிப்பான், போவான். அவன் போனப்புறம் நான்தான் விடுறேன். வந்து பாருங்க."

பின்கட்டில் வண்டி நின்றது. டீச்சருக்கு அடையாளமே தெரியவில்லை. நீல பெயின்ட், பின்னால் பட்டைக் கம்பியில் ஒரு கேரியர். பந்தயத்தை விட்டபிறகு பன்னிரண்டு வருஷம் அச்சடித்த கட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போயிருக்கிறது. தெரு சரிவாக இருந்ததால் தள்ளிக் கிளப்புவதில் சிரமம் இருக்கவில்லையாம். டீச்சர் குனிந்தார். நீலத்துக்கு அடியில், விரல் வைத்தால் தட்டுப்பட்டது. 118.

சேகரிப்பாளரிடம் டீச்சர் எல்லாவற்றையும் எழுத்திலேயே கொடுத்தார். எண்கள், தேதிகள், விதியை மீறியது, தான் பேசாமல் இருந்தது உட்பட. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு நேரே அச்சகத்துக்கு ஓடினார். கேரியரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

"ஜெயிச்ச வண்டியில பில் புக்கா ஏத்தினீங்க?"

"ஜெயிச்சுட்டு சும்மாதான் நின்னுச்சு. வேலை கொடுத்தேன்."

என்ன விலை சொல்லியும் அச்சகக்காரர் கொடுக்கவில்லை. "இது எனக்கு உருப்படியாக் கிடைச்ச ஒரு சிநேகிதனோட வண்டி" என்றார். தன்னுடைய வண்டியைத்தான் அப்படிச் சொன்னார்.

கடைசியில் சேகரிப்பாளர் சிவப்பு வண்டியையே குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார். "ஜெயிக்காத வண்டிதான். ஆனா இதைப்பத்தி இருக்கிற ஒவ்வொரு காகிதமும் நிஜம். என்கிட்ட இருக்கிற நாப்பது வண்டியில அப்படிச் சொல்லிக்க இன்னொண்ணு இல்லை" என்றார். லாரியில் ஏற்றுவதற்கு முன் அச்சகக்காரர் வந்து, சிவப்பு வண்டியை ஒருதடவை கிளப்பிக் காட்டினார். சேகரிப்பாளரும் தம்பி மகளும் தள்ளினார்கள். அது வெடித்துக் கிளம்பிய சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. தம்பி மகள் காதைப் பொத்திக்கொண்டே அழுதாள். மருந்துக் கடையில் அவளைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள், அவ்வளவு கறாரானவள். அத்தையிடம் அவள் அந்த விலையைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அப்பா பெயர் வரும் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.

டீச்சருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. நியாயப்படி தம்பி வாங்கிய கோப்பை இரண்டாவதாக வந்தவருக்குப் போயிருக்க வேண்டும். அவர் இப்போது வெளிநாட்டில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்து முகவரி வாங்கி, நடந்ததை எழுதி, மன்னிப்பும் கேட்டார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நடுங்கும் கையெழுத்தில் நாலே வரி.

"அன்னைக்கு மழையில உங்க தம்பியோட பின் சக்கரத்தைக்கூட நான் பார்க்கலை டீச்சர். இருபத்து மூணு செகண்ட். அவர் எந்த வண்டியில போயிருந்தாலும் எனக்கு அதே ரெண்டாவது இடம்தான். கோப்பையெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு சுத்துக்கும் எனக்கு ஆன லேப் நேரம் உங்க நோட்டுல இருக்குமே, அதை மட்டும் எழுதி அனுப்புங்க, பேரனுக்குக் காட்டணும்."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புது நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முதல் சுற்றிலிருந்து எழுதத் தொடங்கினார்.