அணைக்கக் கூடாத லோரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஆயுத பூசை முடிந்த வாரத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஜொகூர் பாருவில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு பழைய லோரியை வாங்கி, கடைகளுக்கு விறகும் கரியும் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த லோரியைப் பற்றி யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு மனுஷர் சாப்பிட மாட்டார்.

என் தங்கை மெர்சிங்குக்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம். எங்கள் அம்மா இறந்து பல வருடமாகிவிட்டது, புருஷன் வீட்டிலும் பெண் துணை கிடையாது. அந்தப் பக்கமிருந்து கருவாடு கொண்டுவரும் ஒருவரிடம், "அக்கா வந்தாதான் எனக்குத் தைரியம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நாள் நெருங்கிவிட்டது. நான் உடனே துணிமூட்டையைக் கட்டிவிட்டேன். பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

என் வீட்டுக்காரருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. "சொந்த லோரி நிக்கும்போது பஸ்ல போவியா? நாலு பேரு என்ன நினைப்பாங்க?" என்றார். அந்த நாலு பேர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. சரி, லோரியிலேயே போவோம் என்றேன். அதுதான் நான் விட்ட பெரிய பிழை. ஏனென்றால் உடனே அவர், தன் அம்மா, பிள்ளைகள் என்று குடும்பத்தோடு போகலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

இரண்டு நாள் சுத்தியலும் கையுமாக இருந்தார். லோரியின் பின்பக்கத்தில் கம்பு நட்டு, அத்தாப்பு ஓலையால் கூரை போட்டார். இரண்டு பக்கமும் பலகை அடித்துப் படுக்கை செய்தார். என்னுடைய நல்ல சேலை ஒன்று திரையாகிவிட்டது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அடுப்பு, கூரைக் கம்பில் சின்னவளுக்குத் தூளி. அங்கே ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வழி பார்த்திருக்கிறாள், இங்கே இவர் வீடு கட்டுகிறார். மாமியார் தன் பங்குக்கு அம்மிக்கல்லையும் குழவியையும் தூக்கி ஏற்றச் சொன்னார். பிள்ளை பெத்தவளுக்கு மருந்து அரைக்க வேண்டுமாம். தோட்டத்தில் அம்மியே இருக்காதா என்று கேட்டேன். "அடுத்தவங்க அம்மியில அரைச்ச மருந்து ஒட்டாது" என்றார்.

கிளம்பிய காலை நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து லோரியில் முன்பக்கம் ஒரு இரும்பு ஹேண்டிலைச் சொருகி, பலம் கொண்ட மட்டும் சுற்றினால்தான் இன்ஜின் உயிர் பெறும். அவர் சுற்றினார், அதுவும் உறுமிக்கொண்டு எழுந்தது. ஆயுத பூசைக்கு லோரிக்கு மாலை போட்டது போதாதென்று, பிரசவக் காரியமாகப் போகிறோம், ஹேண்டிலுக்கு ஒரு பொட்டு வைத்துச் சூடம் காட்டிவிடுகிறேன் என்று மாமியார் அதை உள்ளே வாங்கிக்கொண்டு போனார். சந்தனம், குங்குமம் வைத்தார். சாமி படத்துக்கு முன்னால் கிடத்தி, சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கதவைப் பூட்டிவிட்டு வந்து லோரியில் ஏறிக்கொண்டார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, நாங்கள் கிளம்பினோம்.

தெப்ராவைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு ஒரு கடையோரம் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். இன்ஜினை அணைக்கக் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். சீட்டுக்கு அடியில் தேடினார். பின்னால் வந்து தேடினார். என் மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்.

"அம்மா, ஹேண்டிலு எங்க?"

"சாமிகிட்ட இருக்கு" என்றார் மாமியார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நாம் எல்லாரும் சாமியிடம் இருப்பதுபோல அதுவும் இருக்கிறது என்ற தோரணை.

திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பிள்ளைப்பேற்றுக்குக் கிளம்பிய வண்டி பாதி வழியில் திரும்பக் கூடாது என்று மாமியார் ஒரே பிடியாகப் பிடித்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் தாயைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், கடைசியில், "அணைச்சாத்தானே ஹேண்டிலு வேணும்? அணைக்காமலே போயிடலாம்" என்றார். இவர்களோடு குடும்பம் நடத்துவதற்கு எனக்குத் தனியாக ஒரு பூசை செய்திருக்க வேண்டும்.

அன்று முழுக்க அந்த இன்ஜின் நின்ற இடத்திலெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் ஒதுங்கப் போனாலும் ஓடியது, சோற்றை வாயில் வைத்தாலும் தட்டு அதிர்ந்தது. கோத்தா திங்கியில் பெட்ரோல் ஊற்றியபோது கடைக்காரர் இன்ஜினை அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். கதையைக் கேட்டதும் டின்னை எங்களிடமே கொடுத்துவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் ஊற்ற ஊற்ற நான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றேன். மாமியார் மட்டும் லோரியிலேயே உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகாவது நேராகப் போனார்களா? இவ்வளவு தூரம் வந்துவிட்டு கோத்தா திங்கி அருவியைப் பார்க்காமல் போனால் எப்படி என்று அவர் லோரியை அந்தப் பக்கம் திருப்பினார். பிள்ளைகளும் மாமியாரும் ஆசை தீரக் குளித்தார்கள். அவர் இன்ஜினுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். நான் கரையில் நின்றுகொண்டு, தங்கைக்கு இந்நேரம் வலி கண்டிருக்குமோ என்று பொழுது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "குளிச்சா மனசு ஆறும், வாம்மா" என்று மாமியார் கூப்பிட்டபோது நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றோடு உறவு முறிந்திருக்கும்.

இருட்டுவதற்குள் மெர்சிங் போக முடியாது என்று ஆனது. மாவாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில், முகம் இறக்கத்தைப் பார்த்து இருக்கும்படி லோரியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, அங்கேதான் முதல் தடவையாக இன்ஜினை அணைத்தார். காலையில் கல்லை எடுத்துவிட்டு உருட்டினால் தானாகப் பிடித்துக்கொள்ளும். யோசனை நல்லதுதான். ஆனால் சரிவில் நிற்கும் வீட்டில் யார் தூங்க முடியும்? விடிந்து பார்த்தால் நாங்கள் எல்லாரும் சட்டிபானையோடு ஒரே மூலையில் குவிந்து கிடந்தோம், அம்மிக்கல் என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

லோரி உருண்டு, இருமி, பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் வெறும் காடுதான். செம்மண் சாலை, இரண்டு பக்கமும் சதுப்பு, ஆள் நடமாட்டமே இல்லை. வழியில் யானை லத்தி கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தங்கையைப் பார்த்துவிடலாம் என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து மாமியார், "நிறுத்துடா" என்று பின்னாலிருந்து போட்ட சத்தத்தில் அவர் பிரேக்கை அழுத்தினார். லோரி குலுங்கி நின்றது. இன்ஜினும் நின்றுவிட்டது.

சாலையின் குறுக்கே ஒரு நல்ல பாம்பு போய்க்கொண்டிருந்தது. மாமியார் அதற்குக் கையெடுத்துக் கும்பிட்டார். அது அவசரமில்லாமல் சதுப்புக்குள் இறங்கியது.

மேடு, இறக்கம் எதுவும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நானும் மாமியாரும் தள்ளினோம். ஒரு வீட்டையே தள்ளுகிறோம், எப்படி நகரும்? பாரத்தைக் குறைக்கலாம் என்றேன். "என்னத்த குறைக்கிறது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பலகையைப் பிடுங்கி எறிந்தேன். அடுப்பை எறிந்தேன். அத்தாப்புக் கூரையில் கையை வைத்ததும் அவர் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. "என் தங்கச்சி செத்துப் போனா உங்க கூரை வந்து பதில் சொல்லுமா?" என்று கத்திவிட்டு, சாலையிலேயே உட்கார்ந்து அழுதேன். அதுவரை கோபமாக இருந்ததெல்லாம் பயம்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, எதிர்ப்பக்கத்திலிருந்து பெரிய பெரிய மரங்களை ஏற்றிக்கொண்டு ஒரு லோரி வந்தது. ஓட்டிவந்தவர் நடுத்தர வயதுச் சீனர், கூட யாரும் இல்லை. தன் இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி வந்தார். எங்களுக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. சந்தையில் பேசும் மலாய்தான் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஹேண்டில் எங்கே என்று கேட்டார். வீட்டில் என்றார் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. ஏன் வீட்டில் என்று அவர் கேட்க, மாமியார் குறுக்கே புகுந்து, "துஹான் சிம்பான்" என்றார். சாமி எடுத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த மனிதர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் லோரியின் முன்கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதுவும் சாமி காரியம்தான்போல. புரிந்துகொண்டவர்போலத் தலையை ஆட்டிவிட்டு, தன்னுடைய ஹேண்டிலைக் கொண்டுவந்தார். அது எங்கள் லோரிக்குக் கொஞ்சம் சிறியது. என் சேலைத் திரையில் ஒரு துண்டைக் கிழித்து, முனையில் இறுக்கிச் சுற்றிச் சொருகினார். இரண்டு ஆண்களும் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். கை மரத்துப் போகும் நேரத்தில் இன்ஜின் பிடித்தது.

இவ்வளவு அவசரமாக எங்கே போகிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டார். தங்கைக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்று நானே சொன்னேன், அழுத குரல் இன்னும் தெளியவில்லை. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஹேண்டிலை என் கையில் வைத்து, "பாவா லா" என்றார், கொண்டு போ என்று. மறுபடி வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று சைகையால் கேட்டார். திரும்பி வரும்போது மாவாய் காப்பிக் கடையில் கொடுத்தால் போதுமாம். உங்கள் லோரிக்கு என்ன செய்வீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் ஓடிக்கொண்டிருந்த தன் இன்ஜினைக் காட்டிக் கையை வீசிவிட்டு, ஏறிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மரலோரி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். இனி அவர் சோறு தின்ன இறங்கினாலும் அந்த இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளாக நான் எதற்காக எல்லாரையும் திட்டித் தீர்த்தேனோ, அதே தொல்லையை முன்பின் தெரியாத ஒருவர் கேட்காமலே எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு போகிறார்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தங்கைக்குக் காலையிலேயே வலி எடுத்திருந்தது. பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, ஒரு மருத்துவச்சி வந்திருந்தார். தங்கை என்னைக் கண்டதும், "வந்துட்டியாக்கா" என்று என் கையைப் பிடித்தவள், பிள்ளை விழும்வரை விடவில்லை. பெண் குழந்தை. மாமியார் தன் சொந்த அம்மியில் மருந்து அரைத்து ஊட்டிவிட்டு, நிதானமாக என்னைப் பார்த்து, "ஹேண்டிலுக்காகத் திரும்பிப் போயிருந்தா இந்த நேரத்துக்கு வந்திருப்பமா?" என்று கேட்டார். அருவியில் குளித்த நேரத்தை நான் சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்த சந்தோஷத்தில் அன்றைக்கு அவரை ஜெயிக்க விட்டுவிட்டேன்.

குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு ஊர் திரும்பினோம். மாமியார் அந்தச் சீனரின் ஹேண்டிலைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு புதுத் துண்டில் சுற்றியிருந்தார். வேண்டாம் என்று சொன்னால் கேட்பவரா? மாவாய் நெருங்கும்போது என் வீட்டுக்காரர் மெதுவாக, இதை ஜொகூர் வரைக்கும் கொண்டுபோய்விட்டு யாரிடமாவது கொடுத்து அனுப்பலாமே என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் பேச்சு நின்றுவிட்டது.

காப்பிக் கடையில் நானே இறங்கினேன். கடைக்காரர் துணியைப் பிரித்துக் குங்குமத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மரலோரிக்காரர் வந்தாரா என்று கேட்டேன். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வந்துவிட்டுத்தான் போகிறாராம். ஹேண்டில் வந்ததா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அந்தப் பொம்பளையின் தங்கைக்குப் பிள்ளை பிறந்ததா என்றுதான் கேட்டாராம்.

பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லச் சொல்லிவிட்டு வந்து ஏறினேன். அங்கிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் மறுபடி இன்ஜினை அணைக்காமல்தான் வந்தோம். பிள்ளைகள் அழுதார்கள், தட்டு அதிர்ந்தது, எல்லாம் தன் யோகம்தான் என்று மாமியார் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் வீட்டில் யார்மீதாவது ஆத்திரம் பொங்கி வரும்போது, எனக்காக அணைக்க முடியாத லோரியை ஓட்டிக்கொண்டு போன அந்தப் பேர் தெரியாத மனிதர் ஞாபகத்துக்கு வருகிறார், என் கோபத்துக்குத்தான் கொஞ்சம் வெட்கமாகிவிடுகிறது.