சம்பந்தியம்மாவின் கட்டைவிரலும் முப்பத்தொன்றாம் நிலையும்

என் சம்பந்தியம்மா, அதாவது மகளின் மாமியார், திரைச்சீலை தைக்கும் கூடமொன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகத் துணி வெட்டுகிறவர். அங்கே எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். மேசைமேல் துணியை எட்டு மடிப்பாக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, முழ நீளக் கத்தரியால் ஒரே ஓட்டத்தில் வெட்டிவிடுவார். ஓரத்தில் ஒரு பிசிறு இருக்காது.

சென்ற ஆண்டு பிப்ரவரி 9 அன்று சமையலறையில் கண்ணாடிக் குடுவை உடைந்து, அவருடைய வலது கட்டைவிரலின் தசைநார் அறுந்தது. தைத்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். பிரித்தபோது விரல் மடங்கவில்லை. கூடத்தின் மேற்பார்வையாளர் ஜூன் 3, காலை பத்து மணி என்று கெடு வைத்தார். அன்று எட்டு மடிப்பையும் வெட்டிக் காட்டினால் மேசை அவருடையது. முடியாவிட்டால் கத்தரி வேறு ஆளுக்குப் போகும். இவர் மடித்துக் கட்டும் பகுதிக்குப் போவார்.

"மடிச்சுக் கட்ட நான் எதுக்கு சம்பந்தி? கை ரெண்டு இருக்கற யாரும் கட்டலாம்," என்றார் என்னிடம்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னார். நான்காம் நாள் பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. அதைப் பார்த்த மாப்பிள்ளை, தான் கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த கையடக்க விளையாட்டுக் கருவியைத் தேடி எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். நடுவில் சின்னத் திரை. வலது கட்டைவிரலுக்கு நேராக நான்கு பொத்தான்கள். அதில் ஒன்றை அழுத்தினால் வீரன் ஒருமுறை வாளை வீசுவான்.

"பந்த அமுக்கினா எனக்கு என்ன கிடைக்குது? இதுல ஒரு அரக்கனாவது சாவான்," என்று சம்பந்தியம்மா உட்கார்ந்துவிட்டார்.

நான் அவர்களுக்கு ஒரு மாடி கீழே குடியிருக்கிறேன். நீர்த்தேக்கத்தின் நீர்மட்டத்தை முப்பத்துநான்கு ஆண்டுகள் பதிவேட்டில் எழுதியவன் என்பதால் மாப்பிள்ளை என்னைப் பிடித்தார். "எவ்வளவு நேரம் ஆடறாங்க, வலி பத்துக்கு எவ்வளவு, இது மட்டும் எழுதினா போதும் மாமா." இரண்டு பத்திகளோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஏழு பத்திகள் போட்டேன். ஏப்ரல் 2 முதல் மாலை நான்கு மணிக்கு அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

கதை நடக்கும் காலம் என்ற பத்தியிலேயே தடுக்கி விழுந்தேன். இது பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் தொடர் ஆட்டமாம். கைக்கருவிக்காகச் செய்தது இந்த ஒன்றாம்.

"இது ரெண்டாவது ஆட்டத்துக்கும் மூணாவது ஆட்டத்துக்கும் நடுவுல நடக்கற கதை மாமா," என்றார் மாப்பிள்ளை.

"அப்ப மூணாவது இன்னும் வரலையா?"

"அது இதுக்கு முன்னாடியே வந்துடுச்சு."

"பின்னாடி நடக்கறத முன்னாடியே சொல்லிட்டாங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

அந்தப் பத்தியைக் காலியாக விட்டேன்.

கணக்கு மட்டும் எனக்குப் பிடிபட்டது. பாலத்தில் ஒரு காவலன் நிற்பான். எத்தனை முறை கொன்றாலும் திரும்பிப் போனால் அங்கேயே நிற்பான். ஆகவே அவனையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஏப்ரல் 2 அன்று அவன் விழ நாற்பத்துநான்கு அழுத்தம் தேவைப்பட்டது. ஏப்ரல் 12 அன்று இருபத்தேழு. மாதக் கடைசியில் ஒன்பது. மே 9 அன்று மூன்றே மூன்று. வீரனின் நிலை, அதாவது ஆட்டத்தில் அவன் எட்டிய படி, நான்கிலிருந்து முப்பத்தொன்றுக்கு ஏறியிருந்தது. வலி ஆறிலிருந்து ஒன்றுக்கு இறங்கியிருந்தது.

"விரல் கிட்டத்தட்ட பதினஞ்சு மடங்கு தேறியிருக்கு சம்பந்தியம்மா," என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மறுநாள் பழைய படுக்கை விரிப்பை எட்டாக மடித்து, வீட்டிலிருந்த பெரிய கத்தரியை எடுத்தார். நான்கு அங்குலம் போனது. பிறகு கட்டைவிரல் கழன்றதுபோல் தொங்கிவிட்டது. மீண்டும் முயன்றார்; அரை அங்குலம்கூட நகரவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் நோட்டையே பார்த்தார்.

"இதுல எது சம்பந்தி பொய்? நோட்டா, விரலா?"

பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்த்தேன். ஒரு எண்கூடத் தப்பில்லை. வேலை முடிந்து வந்த மாப்பிள்ளை, சட்டையை மாற்றாமலே நோட்டைப் புரட்டினார்.

"மாமா, விரல் தேறல. வாள்தான் தேறியிருக்கு."

எதிரியைக் கொல்லக் கொல்ல வீரனின் பலம் ஏறுமாம். பலம் ஏறி நல்ல வாளும் சேர்ந்தால் பத்து வெட்டின் வேலையை ஒரு வெட்டு செய்யுமாம். நான் முன்னேற்றம் என்று எழுதியதெல்லாம் விரல் ஓய்வெடுத்த கணக்கு. முதல் வாரம் நாளுக்கு இரண்டாயிரம் தடவை அழுத்தியவர், கடைசி வாரம் இருநூறைத் தாண்டவில்லை. வலி குறைந்த காரணமும் அதுதான்.

கெடுவுக்கு இருபத்துநான்கு நாள் இருந்தது. மே 11 அன்று ஆட்டத்தின் கதை முடிந்தது. உடனே ஆட்டம் இன்னொரு வீரனைக் கொண்டுவந்து நிறுத்தி, அதே கதையை அவன் பக்கத்திலிருந்து தொடங்கியது. நிலை ஒன்று.

"அவ்வளவு ஏத்திவிட்டேனே, மறுபடி ஒண்ணா?" என்று சம்பந்தியம்மா முகம் சுளித்தார். பிறகு கட்டைவிரலைப் பார்த்தார். "சரி, வரட்டும். இவனுக்கு நான் நல்ல கத்தியே வாங்கித் தர மாட்டேன்."

அப்படியே செய்தார். துருப்பிடித்த வாளோடு அந்தப் பாவி கோட்டை கோட்டையாக ஏறினான். பாலத்துக் காவலனுக்கு ஐம்பத்திரண்டு அழுத்தம். நாளுக்கு இரண்டாயிரத்து முந்நூறு. வலி ஐந்துக்கு ஏறியது. அதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வந்தது. வலிக்கு மகிழலாமா என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு, முதல் வீரனின் கதையில் ஏப்ரல் 24 அன்று கோபுரத்தில் இறந்துபோன கிழட்டுத் தளபதி, மே 12 அன்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"இவர் செத்துட்டாரே சம்பந்தியம்மா, நான் எழுதியிருக்கேனே."

"இவன் கதையில இன்னும் சாகல."

எழுதியதை அடித்த வழக்கம் எனக்கு இல்லை. பக்கத்தில் 'தற்காலிகமாக இறந்தவர்' என்று குறித்தேன்.

ஜூன் 3 அன்று நானும் கூடத்துக்குப் போனேன். சாம்பல் நிறத் துணி, எட்டு மடிப்பு. மேற்பார்வையாளர் கைகட்டி நின்றார். தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. கத்தரி கோட்டில் நுழைந்து நேராக ஓடியது. முக்கால் மேசை கடந்ததும் நின்றது. சம்பந்தியம்மா விரலை எடுத்தார், விரித்தார், மடக்கினார். மீண்டும் கத்தரிக்குள் விரலை நுழைத்துக் கடைசிவரை வெட்டி முடித்தார்.

மேற்பார்வையாளர் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். கத்தரி நின்ற இடத்தில் பல்போல ஒரு சிறு பிசிறு இருந்தது. எட்டு மடிப்பிலும் இருந்தது.

"மாஸ்டர், முன்னல்லாம் இப்படி இருக்காதே."

"இருக்காது. இப்ப இருக்கு. ஓரம் மடிச்சுத் தைக்கறப்ப உள்ள போயிடும்."

மேற்பார்வையாளர் அந்தப் பல்லை இன்னொரு முறை தடவினார். பிறகு பின்னால் போய் ஒரு நீலத் துணிச்சுருளைத் தூக்கிவந்து மேசைமேல் போட்டார். "பன்னெண்டு ஜன்னலுக்கு. அளவு சீட்டுல இருக்கு."

அவர் போன பிறகு நோட்டைத் திறந்து சம்பந்தியம்மாவிடம் கேட்டேன்: "இத நான் தேறினதா எழுதறதா, பாதி தேறினதா எழுதறதா?"

"அந்தப் பக்கம் நழுவுது, துணியப் புடிங்க சம்பந்தி."

நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டுத் துணியைப் பிடித்தேன்.