இடது பக்கச் சீட்டின் சுருக்கம்

ஆமத்தூருக்குச் சாலை பிரியும் விலக்கில் ஒரு பெண் கார் சீட்டின் சுருக்கத்தைத் தடவிப் பார்த்தே அதில் உட்கார்ந்தது யார் என்று சொல்லிவிடுகிறாராம். விருதுநகரில் கிளம்பிய பேச்சு இது. சிவகாசி போய்ச் சேர்வதற்குள் உட்கார்ந்தவரின் ஊரும் பேரும் சேர்ந்துகொண்டன. நாரணாபுரத்தில் ஜாதகமே கணிக்கிறார் என்றார்கள். நேரில் பார்த்துவிடலாம் என்று போனேன்.

பாண்டிமீனா நாற்பதைத் தாண்டியவர். முன்பு டிராக்டர் சீட்டுக்கு ரெக்சின் தைத்தார். பட்டாசு முதலாளிகள் பெரிய கார்களுக்கு மாறியதும், லோடு வேன் ஓட்டும் கணவர் சோலைச்சாமி சொல்லி, தோல் சீட்டின் சுருக்கத்தை நீவியெடுக்கும் வேலைக்கு வந்தார். முதல் சீட்டுக்குச் சூடு அதிகமாகிவிட்டது. அப்பளம் மாதிரி பொரிந்தது என்று அவரே சிரிக்கிறார். இப்போது ஈரத்துணியால் துடைத்து, கிரீம் தேய்த்து ஊறவிட்டு, சூட்டுக்காற்று மெஷினை எட்டப் பிடித்து உள்ளங்கையால் நீவுகிறார்.

"சுருக்கம் பூராவும் போயிரும்னு சொல்லுதவன் பொய் சொல்லுதான். உங்க மூஞ்சியில போகுதா?" என்றார் என்னிடம்.

"ஆள் பேரெல்லாம் சொல்லுதீகளாமே?"

"தெரிஞ்சா எங்க வீட்டுக்காரரு வேன் சீட்டையில்ல மொதல்ல பாத்திருப்பேன்!"

நடந்தது இதுதான். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் மகேஷ்குமார், முன் சீட்டு இரண்டையும் நீவித் தரச் சொல்லி முன்பணமும் கொடுத்தார். டிரைவர் சீட்டு முடிந்தது. இடது சீட்டைத் தடவியபடி பாண்டிமீனா வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, இங்கன உக்காருதவுக நல்ல பொறுமைசாலி. ஏறுனா எறங்குற வரைக்கும் அசைய மாட்டாக போல. நல்ல கனம் வேற."

பின் சீட்டிலிருந்து மகேஷ்குமாரின் மனைவி சொர்ணலட்சுமி கேட்டார்: "எம்புட்டு கனம்?"

"உங்கள மாதிரி ஒல்லி இல்லம்மா."

"நான் அந்தச் சீட்டுல உக்காந்தே மூணு மாசமாச்சே."

கார் அப்படியே கிளம்பிப் போய்விட்டது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் மிச்சக் கதையைக் கட்டிக்கொண்டார்கள்.

அதன் பிறகு பாண்டிமீனாவின் கடைப் பக்கம் முதலாளிமார் கார் எதுவும் திரும்புவதில்லை. யோக்கியர்களும் வருவதில்லை, வந்தால் எதற்கு வந்தான் என்று கேட்பார்களே. ஒருவர் மட்டும் இடது சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு காரை அனுப்பினார். தீபாவளி சீசன் முடிந்து கார்கள் வரிசையில் நிற்க வேண்டிய நேரம். கடையில் இரண்டு ஆட்டோ சீட்டுகள்தான் கிடந்தன. "இப்படியே போனா திரும்ப டிராக்டருக்குத்தான் தைக்கணும்" என்றார்.

சிவகாசிக்குப் போய் மகேஷ்குமாரிடமே கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

ஆடி பிறந்ததும் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராக மாதிரிக் காலண்டர் கட்டு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். எல்லாம் சாமி படம். டிக்கியில் செருப்பு கிடக்கிறது, கீழே கால் படும். ஆகவே முன் சீட்டு. கனத்துக்கு, ஆள் பெல்ட் போடவில்லை என்று கார் கீங் கீங் என்று கத்துகிறது. ஆகவே பெல்ட். வெயிலில் காரை நிறுத்தினால் கட்டு அழுத்தித் தோல் சுருங்காமல் என்ன செய்யும்? கட்டை எடுத்துப் பின்னால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மனைவியை வைக்க வந்தது.

"வீட்டுல சொன்னீகளா?"

"அன்னைக்கே சொன்னேன். 'பொம்பளைன்னாக்கூட ஒருவேளை மன்னிச்சிருப்பேன். காகிதக் கட்டுக்கு பெல்ட்டு, எனக்குப் பின் சீட்டா?'ன்னுட்டா."

"அதை உங்க முதலாளிமார் சங்கத்துல நாலு பேருகிட்ட சொல்லலாமே. அந்தம்மாவுக்குத் தொழில் படுத்துருச்சு."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "இப்ப ஊரு ஒரு மாதிரியாப் பேசுது, போய்ட்டுப் போகுது. இதைச் சொன்னா ஊரே சிரிக்கும்ல? அது கெடக்கட்டும், இடது சீட்டு எப்பன்னு கேட்டுட்டு வாங்க. முன்பணம் வாங்கியிருக்கா."

வாசலில் சொர்ணலட்சுமி காரில் ஏறிக்கொண்டிருந்தார். முன் சீட்டு, அந்தச் சுருக்கத்தின் மேலேயே. காலண்டர் கட்டு பின்னால் இருந்தது, பெல்ட் போட்டபடி.

திரும்பும் வழியில் ஆமத்தூர் விலக்கில் இறங்கிச் செய்தியைச் சொன்னேன். பாண்டிமீனா ஆட்டோ சீட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அங்கன கட்டுதான் உக்காந்துச்சுன்னு அவரு வாயால நாலு பேரு முன்னால சொல்லட்டும். அன்னைக்கே நீவித் தாரேன்."

"முன்பணம் வாங்கிட்டீகளே?"

"வாங்கிட்டேன். வாங்கலைன்னா சொன்னேன்?"