பிறந்தபின் அடங்கிய ஜீன்

அக்கா டுரியான் துங்கால் ஊரில் பள்ளி வேன் ஓட்டினாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பாள். "உடம்பைக் குறை லா," என்று கிண்டல் செய்வேன். நான் பக்கத்து ஊரான ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலை மேற்பார்வையாளன். வாரத்தில் நான்கு நாள் பூப்பந்து ஆடுகிற திமிர் எனக்கு.

போன வருடம் அவள் கால் இரண்டும் செருப்பில் நுழையாத அளவுக்கு வீங்கின. நானே காரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். மருத்துவர் நம் தமிழ்ப் பெண்.

"இதயம் பெருசாகித் தளர்ந்திருக்கு. ரத்தத்துல ஒரு புரதமும் ரொம்பக் கூடியிருக்கு. நீங்க அம்மா வயித்துல இருந்தப்ப, அந்தப் புரதத்தை உண்டாக்குற ஜீன் இதயத்தோட பெரிய அறைகள்ல நல்லா வேலை செஞ்சுச்சு. பொறந்தபிறகு அடங்கிடுச்சு. இப்ப இதயம் பாரம் தாங்காம மறுபடி முழிச்சிருக்கு."

"எப்ப முழிச்சது டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"நாள் சொல்ல முடியாது. இது மாதிரி நிறைய ஜீன்கள் வருஷக்கணக்கா கூடியும் குறைஞ்சும் மாறியிருக்கும். வெளிய தெரியாது."

"பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுல்ல ஓட்டினேன்," என்றாள் அக்கா.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "அப்பா இருக்காரா?"

"இல்ல. ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுறப்ப விழுந்து இறந்துட்டார். நாப்பத்தெட்டு வயசு. வெயில் அடிச்சிருச்சுன்னு சொன்னாங்க."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். "இது சில குடும்பத்துல வழிவழியா வரும். நீங்களும் ஸ்கேன் எடுத்துடுங்க."

மறுவாரம் எடுத்தேன். முந்தின நாள்கூட இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தேன். திரையைக் காட்டி, "உங்களுக்கும் இடது அறை பெருசாக ஆரம்பிச்சிருக்கு," என்றார் மருத்துவர்.

"வேற யாரோட படமோ டாக்டர். ஆள் மாறிப்போச்சு."

அவர் திரையின் மூலையில் என் பெயரைத் தொட்டுக் காட்டினார். கார் நிறுத்துமிடத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடினேன். பாச்சாங்கில் என் வீட்டுத் திருப்பத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

அக்கா வேனை விற்றுவிட்டாள். மருந்தில் வீக்கம் வற்றியது, அந்தப் புரதமும் இறங்கியது. முழுக்கப் பழையபடி ஆகுமா என்று கேட்டால், மருத்துவர் பார்ப்போம் என்கிறார். எனக்கும் தினம் மாத்திரை. ஒரு வலியும் இல்லாத உடம்புக்கு மாத்திரை போடுவது இன்னும் பழகவில்லை.

என் மகனுக்கு அடுத்த மாதம் ஸ்கேன். சொன்னதும் அவன் சிரித்தான். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.