மூடியளவு கறுவா எண்ணெய்

கற்பிட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தின் மூலையில் எங்கள் குடிசை இருந்தது. தோட்டம் ஒரு ஹாஜியாருடையது. "இருந்துக்கோங்க" என்று அவர் வாயால் சொன்ன ஒரு சொல்லை நம்பித்தான் நாங்கள் இருந்தோம். யுத்தம் முடிந்திருந்தது. மன்னாரில் காடாகிக் கிடந்த எங்கள் பழைய காணியைத் துப்புரவாக்க வாப்பா போயிருந்தார். வீட்டில் உம்மா, உம்மாவின் தங்கையான சாச்சி, நான்.

பெண்களுக்கான ஒரு வகுப்பில் சாச்சி கற்றாழைக் கிரீம் செய்யப் பழகியிருந்தாள். முதல் தடவை செய்ததெல்லாம் ஒரு கிழமையிலேயே பச்சையாகப் பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. கிருமி அண்டாமலிருக்கக் கறுவாப்பட்டை எண்ணெய் சில சொட்டு விடலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். பூஞ்சணத்தின் மேல் தீராத கோபத்திலிருந்த சாச்சி, அடுத்த தடவை சொட்டுக் கணக்கை விட்டுவிட்டுப் போத்தல் மூடியால் அளந்து ஊற்றினாள். கிரீம் கெடவேயில்லை. குடிசை முழுக்கப் புரியாணி வாசம். முதல் போத்தலை, அந்த வெள்ளிக்கிழமை கல்யாணமாகவிருந்த ஹாஜியாரின் மகளுக்கே ஆசையாகக் கொடுத்தாள்.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் வீட்டில் வேலை செய்யும் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"என்னத்தப் போட்டுக் கலந்த நீ? கல்யாணப் பொண்ணுட முகம் மிளகாய் அரச்சுப் பூசின மாதிரி வீங்கிக் கிடக்கு. ஹாஜியார் கதைக்க வாறாராம்!"

சாச்சி அப்படியே தரையில் குந்திவிட்டாள். பொலிஸ் வந்து அவளைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறது என்று நினைத்தேன். உம்மா அவளைத் திட்டுவாள் என்று பார்த்தேன். உம்மாவோ உள்ளே போய்ப் பிறப்புப் பத்திரங்களையும் குர்ஆனையும் கொஞ்சம் அரிசியையும் ஒரு துணியில் வைத்துக் கட்டினாள். போத்தலில் தண்ணீர் நிரப்பினாள். பிறகு என்னை இழுத்து நிறுத்தி, போட்டிருந்த சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டாள். அதற்கு மேல் பெருநாள் சட்டை. பொத்தான்களைத் தப்பான துளைகளில் பூட்டிவிட்டு, அவிழ்த்து மறுபடி பூட்டினாள்.

"உம்மா, வேர்க்குது."

"கதைக்காத."

அதுவரை அவள் பயந்து நான் பார்த்ததேயில்லை. பாம்பைத் தடியால் அடிப்பவள் அவள். அதனால்தான் என் பயம் பெரிதாகிக்கொண்டே போனது.

படலை திறந்தது. வந்தது ஹாஜியாரல்ல, அவர் மனைவி. குடையை மடக்கியபடி நேரே சாச்சியிடம் போனார்.

"ஏன்டி புள்ள, இது முகத்துக்குப் பூசுறதா, மாட்டுக்குக் குறி சுடுறதா?"

"பூஞ்சணம் வரக்கூடாதெண்டு கொஞ்சம் கூட ஊத்திட்டேன் மாமி..." சாச்சி அழத் தொடங்கினாள்.

"சரி, அழாத. கழுவித் தேங்காயெண்ணெய் பூசிப் பூசி இப்ப சிவப்பு இறங்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் வடிஞ்சிரும். அவர் சத்தம் போடத்தான் வெளிக்கிட்டார், நான்தான் மறிச்சிட்டு வந்தேன். மிச்சக் கிரீமை ஒருத்தருக்கும் குடுத்திராத, என்ன?"

அப்போதுதான் மாமி என்னைப் பார்த்தார். "இவனுக்கென்ன, இந்த வெயிலுக்க இவ்வளவு சட்டை?"

"காய்ச்சல் மாமி. குளிருதாம்," என்றாள் உம்மா, மூட்டையைக் காலால் கதவுக்குப் பின்னே தள்ளியபடி.

எனக்குக் காய்ச்சலேயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மாவின் கை என் தோளை அழுத்தியது.

தொண்ணூறில் ஆயுதம் ஏந்திய இயக்கம் முஸ்லிம்களையெல்லாம் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது உம்மாவுக்கு ஏறக்குறைய அன்றைய என் வயது. கையில் அதிகம் கொண்டுபோக விடாததால், ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டை போட்டுத்தான் அவளையும் வீட்டார் படகில் ஏற்றினார்களாம். படித்து, ஊரை விட்டுத் தூரமாக வந்த பிறகுதான் அதைக் கேட்டறிந்தேன்.

அன்று மாமி போனதும் உம்மா என் பெருநாள் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். மூட்டையிலிருந்த அரிசியை உலையில் போட்டாள். எல்லாம் முடிந்ததென்று நினைத்து இரண்டாவது சட்டையில் நான் கை வைத்தேன்.

"அது இருக்கட்டும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை கல்யாணச் சாப்பாட்டுக்கும் அந்த இரண்டு சட்டைகளோடுதான் போனேன். மணமகளின் முகம் பளிச்சென்றிருந்தது. எல்லாம் சரியான பிறகும் இரண்டு சட்டைக்குள் எனக்கு ஏன் வேர்க்க வேண்டும் என்றுதான் அன்று விளங்கவில்லை.