அறுபத்து நான்காவது ஓட்டை

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் என் அக்காவைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "பாம்புக்காது" என்றால்தான் கை காட்டுவார்கள். மூன்றாவது லைனில் பெட்டி மடிக்கும் மெஷினை ஓட்டுகிறவள். வீட்டு மாடியில் யாராவது ஃபேனை அணைக்காமல் இறங்கி வந்தால், சமையலறையில் இருந்தபடியே கண்டுபிடித்து வீட்டை இரண்டாக்கிவிடுவாள்.

தொழிற்சாலையில் கம்ப்ரசர் அறை என் பொறுப்பு. அங்கிருந்து குழாயில் போகும் அழுத்தக் காற்றில்தான் எல்லா மெஷின்களும் அசைகின்றன. இரண்டு கம்ப்ரசர்களும் கரண்டைக் குடித்துத் தள்ளின. செலவு குறையாவிட்டால் மாதக் கடைசியில் மூன்றாவது லைனை மூடிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த லைனில் அக்காவோடு சேர்த்துப் பதினாலு பெண்கள்.

மற்றவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். அக்கா நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், பாதிக் காத்து வழியிலேயே போயிடுது. எனக்குக் கேக்குது. ஓட்டையெல்லாம் அடைச்சுட்டா ஒரே கம்ப்ரசர்ல மூணு லைனும் ஓடும்."

"ஓடலைன்னா?"

"அப்போ மூடிக்கங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு வாய் நீளம் என்று தெரியும்; இவ்வளவு நீளம் என்று தெரியாது.

விடுமுறை நாளில் மெஷின்களை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடச் சொன்னாள். கையில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர், ஒரு பிரஷ். சீறல் கேட்ட இடத்தில் பூசினாள். நுரை பொங்கினால் சாக்பீஸில் வட்டம். அறுபத்து மூன்று வட்டங்கள்! பழைய இணைப்புகள் பாதிதான். மீதியெல்லாம் எங்கள் ஆட்களின் கைவரிசை. வேர்க்கிறதென்று ஆளாளுக்குக் குழாயில் துளை போட்டு முதுகுக்குக் காற்று வாங்கியிருந்தார்கள். காற்றுதானே, சும்மா வருகிறது என்ற நினைப்பு. ஒரு ஃபேனுக்கு ஆவதைவிடப் பல மடங்கு கரண்ட் அதில் போவது யாருக்குத் தெரியும்? பதினாலு பெண்களும் சேர்ந்து நான்கே நாளில் அத்தனையையும் அடைத்தார்கள்.

சோதனை நாளன்று மேனேஜரும் அக்காவும் என் அறைக்கு வந்தார்கள். மூன்று லைன்களும் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கம்ப்ரசரை நிறுத்தினேன். அழுத்தம் காட்டும் முள் ஆறுக்குக் கீழே போகக் கூடாது. ஏழு. ஆறரை. ஆறே கால். முள் ஆறைத் தொட்டு நடுங்கியது.

அக்கா தலையைச் சாய்த்தாள். அறையின் இரைச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. விறுவிறுவென்று வந்து என் நாற்காலியை நகர்த்தினாள். பின்னால், சுவர்க் குழாயில் நான் சொருகியிருந்த ரப்பர் குழாய், என் சட்டைக் காலருக்கு நேராகச் சீறிக்கொண்டிருந்தது. விடுமுறையன்று அவள் கேட்டபோது, "இங்கே ஒண்ணும் இல்லக்கா" என்று நான்தான் அனுப்பிவைத்தேன். என்னுடையது ஒன்றால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். வெட்கத்தில் உடம்பு கூசியது. அவசரமாக அதன் வால்வை மூடினேன்.

முள் நின்றது. பிறகு ஏறியது. ஆறே கால்!

"லைன் ஓடட்டும்மா" என்றார் மேனேஜர்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். "லைன் ஓடுதுடி!" என்று அவள் கத்தியதும் மூன்றாவது லைனே குதித்தது. அந்தச் சந்தோஷத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"கடைசி ஓட்டை என்னோடது" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். "அடப்பாவி, எங்க பொழப்புக்கு உலை வைக்கப் பார்த்தியா?" என்றாள் ஒருத்தி.

"விடுங்கடி, அவனே மூடிட்டான்ல" என்றாள் அக்கா.

இப்போது அந்த அறையில் எனக்கு வேர்த்து வழிகிறது. வழியட்டும்.